பச்சைத் துண்டு போட்டவரெல்லாம் விவசாயியா?

தாமிரபரணிப் பாசன விவசாயிகளே! கடைமடைச் சகோதரர்களே! நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார்களே!

ஓட்டுக் கேட்டு வருகிறபோது எல்லாக் கட்சிக்காரர் தோளிலும் ஒரு பச்சைத் துண்டு ஏறிவிடுகிறது. "நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் அண்ணாச்சி, வரப்புல நடந்து வளர்ந்தவன்தான்" என்கிறார். வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கி நாலு நாற்றையும் நட்டுக் காட்டுகிறார். போட்டோ எடுத்து முடிந்ததும் காலைக் கழுவ யாரோ பாட்டில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பக்கத்திலேயே வாய்க்கால் ஓடுகிறது. அவருக்குப் பாட்டில் தண்ணீர்தான் வேண்டும்.

அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் இந்தத் துண்டறிக்கை. எந்தக் கட்சி நல்ல கட்சி என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கட்சிக்காரர் எந்த வீட்டில் பிறந்தார், என்ன தொழிலில் வளர்ந்தார், அவர் வீட்டுச் செலவு எதில் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தண்ணீர், மணல், நெல் விலை என்று வரும்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பது அவர் கொடியைக் காட்டிலும் அவர் வீட்டு மாசாந்திரக் கணக்கில்தான் தெளிவாக எழுதியிருக்கிறது என்பது எங்கள் கருத்து.

அவர்களே எழுதிக் கொடுத்த கணக்கு

இது வாய்க்கு வந்த பேச்சு இல்லை. 2002-லும் 2003-லும் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புகளால், தேர்தலில் நிற்கிறவர் எல்லாரும் தம் சொத்து, மனைவி சொத்து, கடன், படிப்பு, மேலே இருக்கிற வழக்கு எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். படிவம் 26 என்று அதற்குப் பேர். 2018-ல் இன்னொரு தீர்ப்பு வந்து, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதச் சொன்னது.

அந்தப் படிவங்களை எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிற கணக்கு இது. 2004 மக்களவையில் கோடீஸ்வரர் 100-க்கு 30 பேர். 2009-ல் 58. 2014-ல் 82. 2019-ல் 88. 2024-ல் ஜெயித்த 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர், அதாவது 100-க்கு 93. இருபது வருஷத்தில் 30 எங்கே, 93 எங்கே! இந்த இருபது வருஷத்தில் நம் வீட்டில் என்ன ஏறியது? கடன்தான்.

2019-ல் போன எம்.பி.க்களில் 100-க்கு 38 பேர் தம் தொழில் விவசாயம் என்று சொல்லியிருந்தார்கள். அதே சபையில்தான் கோடீஸ்வரர் 88 பேர். இரண்டையும் கூட்டினால் 126 வருகிறது. ஆக 100-க்கு 26 பேராவது 'கோடீஸ்வர விவசாயி'யாக இருந்தே தீர வேண்டும்! கணக்கு வாத்தியார் வேண்டாம், நம் களத்துமேட்டுக் கணக்கே போதும்.

அதே காலத்தில், 2018-19-ல், மத்திய அரசின் புள்ளியியல் துறையே நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. சராசரியாக ஒரு குடும்பத்துக்கு மாச வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் மூலம் மிஞ்சியது 3,798. கூலி, சம்பளம் என்று வெளியே போய்ச் சம்பாதித்தது 4,063. நன்றாகப் பாருங்கள்: சொந்த வயலில் விளைந்ததைவிட அடுத்தவர் இடத்தில் வேலை பார்த்ததுதான் கூடுதல். குடும்பத்துக்குச் சராசரிக் கடன் 74,121. இதுவும் விவசாயி, அதுவும் விவசாயி! ஒரே சொல்லுக்குள் ரெண்டு சாதி மனுஷர்.

பிறகு ஏன் அவர் 'விவசாயி' என்று எழுதுகிறார்? விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது ஒரு காரணம். மேடையில் நன்றாக இருக்கும் என்பது இன்னொன்று.

அந்தக் காலத்துக் கட்சிக்காரர், இந்தக் காலத்துக் கட்சிக்காரர்

நம் ஆற்றங்கரையில் கட்சி என்று ஒன்று முளைத்தபோது அதில் இருந்தவர் யார்? வக்கீல்கள், மிராசுதார்கள், பெரிய வியாபாரிகள். வ.உ.சி.யே ஒட்டப்பிடாரத்து வக்கீல்தான். ஆனால் அவர் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளியோடு நின்றார், கப்பல் விட்டார், 1908-ல் ஜெயிலுக்குப் போய்ச் செக்கிழுத்தார், கடைசியில் கடனோடு செத்தார். எல்லா வக்கீலும் அப்படி இல்லை. நன்செய் முழுக்க மடத்துப் பேரிலும், கோவில் பேரிலும், மேல்சாதி மிராசு பேரிலும் இருந்தது. சேற்றில் இறங்கினவர் வேறு ஆள். அந்த மிராசுகளே பின்னால் ஆளுங்கட்சியிலும் உட்கார்ந்தார்கள். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்தது, 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. சட்டம் வருவதற்குள் நிலம் மச்சான் பேருக்கும் டிரஸ்ட் பேருக்கும் போய்விட்டது. சட்டத்தை எழுதுகிற மேசையைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்களும் இருந்தால் ஓட்டை இல்லாமல் சட்டம் வருமா?

அப்புறம் கட்சிக்குள் வேறு ஆட்கள் வந்தார்கள். சின்னக் கடை வைத்திருந்தவர், பள்ளிக்கூட வாத்தியார், முடிதிருத்தும் நிலையத்தில் பேப்பர் படித்துக் காட்டியவர், டீக்கடை மன்றத்து வாலிபர். விருதுநகரில் தேங்காய் வியாபாரி வீட்டில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில்தான் மணிமுத்தாறு அணை வந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வந்தது. பசியைத் தெரிந்தவர் கையெழுத்துப் போட்ட கோப்பு அது. இதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க மாட்டார்.

இப்போது நம் ஊர்க் கட்சிப் பொறுப்பாளர்களை விரல் விட்டு எண்ணுங்கள். காண்ட்ராக்டர், கிரஷர், டிப்பர் லாரி, ஜே.சி.பி., பிளாட் புரோக்கர், தனியார் பள்ளிக்கூடம், பார். எல்லாக் கட்சியிலும் இதே ஆட்கள்தான். பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் வந்தது, நல்ல சட்டம். பல ஊரில் கையெழுத்து அம்மாவுடையது, பேச்சு ஐயாவுடையது.

இவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அதை நாங்கள் மறுக்கவில்லை. அப்பா அரைக் கோட்டை விதைப்பாடு வைத்து நாசமாய்ப் போனதைப் பார்த்து, 'இந்தச் சோலியே வேண்டாம்' என்று டிப்பர் வாங்கியவர்கள். அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கு? ஆனால் டிப்பர் வாங்கியதும் மாசம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். ஆற்றில் மணல் அள்ளினால்தான் தவணை கட்ட முடியும். அப்புறம் அவரிடம் போய் "ஆற்றைக் காப்பாத்துங்க" என்றால் அவர் என்ன செய்வார்? கெட்டவர் என்பதால் அவர் எதிர்க்கவில்லை. தவணைக்காரன் கதவைத் தட்டுவான் என்பதால் எதிர்க்கிறார். அவர் எந்தக் கட்சி என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

மணல் வழக்கு சொன்ன சேதி

ஆற்றில் மணல் இருந்தால்தான் ஊற்று. ஊற்று இருந்தால்தான் உறைகிணறு. ஆறு பள்ளமாகிப் போனால் வாய்க்கால் மடை மேலே நிற்கும், தண்ணீர் கீழே ஓடும். நம் எட்டு அணைக்கட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாத்தாமார் பேர் சொல்லி வளர்த்த அணைகள். 86,000 ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. லாரி லாரியாக மணல் போனபோது ஆண்ட கட்சி, எதிர்க்கட்சி என்று ஊரில் எத்தனை கொடிக்கம்பம் இருந்தது! கோர்ட்டுக்குப் போனது யார்? ஸ்ரீவைகுண்டத்தில் விவசாயி வீட்டில் பிறந்த நல்லகண்ணு. பெரிய வக்கீல் வைக்கவில்லை, தாமே எழுந்து நின்று வாதாடினார். 2010 டிசம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தாமிரபரணியில் ஐந்து வருஷம் மணல் அள்ளத் தடை போட்டது.

அவர் வீட்டுச் செலவு என்ன? 80-வது பிறந்தநாளுக்குக் கட்சி ஒரு கோடி ரூபாய் திரட்டிக் கொடுத்தது. மேடையிலேயே திருப்பிக் கட்சிக்குக் கொடுத்தார். 2022-ல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' விருதும் 10 லட்சமும் கொடுத்தது. தன் பணம் 5,000-ஐயும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். 2019-ல் சென்னையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னபோதுதான் அவருக்குச் சொந்த வீடு இல்லை என்பதே பலருக்குத் தெரிந்தது. இப்படி ஒருத்தருக்கு மணல் முதலாளி எதைக் காட்டி ஆசை காட்டுவான்? எதைச் சொல்லி மிரட்டுவான்? அவர் கட்சியின் கொள்கை நமக்கு எல்லாருக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஆனால் வீட்டுத் தேவையைச் சின்னதாக வைத்திருந்ததால் அவருக்கு வாய் பெரிதாக இருந்தது.

ஆகவே "ஏழை வீட்டில் பிறந்தவன் ஏழைக்கு நிற்பான், பணக்காரன் நிற்க மாட்டான்" என்று நாங்கள் மொட்டையாகச் சொல்லவில்லை. பிறப்பு பாதி, பிறகு பழகிக்கொண்ட செலவு பாதி. சொல்லப்போனால் செலவு பாதிக்கும் மேல்.

வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்

2022-23-ல் அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கில், கிராமத்தில் அடித்தட்டு 5 சதவீதம் பேர் ஆளுக்கு மாசம் 1,373 ரூபாய் செலவு செய்கிறார்கள். அதே கிராமத்தில் உச்சாணியில் இருக்கிற 5 சதவீதம் 10,501. ஒரே தெரு, ஒரே கோவில் கொடை, ஏழரை மடங்குக்கு மேல் வித்தியாசம். எங்களுக்குத் தெரிந்தவரை கட்சிப் பொறுப்புகள் எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1999-2000-ல் கிராமத்து வீட்டுச் செலவில் 100-க்கு 22 ரூபாய் அரிசி, கோதுமை போன்ற தானியத்துக்குப் போனது. 2022-23-ல் அது 5 ரூபாய்கூட இல்லை. பானம், பலகாரம், பாக்கெட் தீனிக்கு 100-க்கு 9 ரூபாய் 62 காசு. நாம் விளைவிப்பதைப் போல ரெண்டு மடங்கு செலவு கம்பெனி விற்பதற்கு! ரேஷன் அரிசி இலவசமாக வருவது ஒரு காரணம், அது ஏழைக்கு வேண்டியதுதான், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் மேல்மட்டத்து வீட்டுக்கு அரிசி விலை என்பது கண்ணுக்கே தெரியாத செலவு. குவிண்டாலுக்கு 200 ரூபாய் கூட்டிக் கேட்டால் அவர் வீட்டில் ஒரு இட்லிகூடக் குறையாது. நம் வீட்டில் அந்த 200-தான் பிள்ளை பீஸ்.

அவர் வீட்டுச் சோறும் நம் சோறு இல்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் கொடுத்த அம்பை 16, நம் பக்கத்துக் குண்டு ரகம். நமக்குச் சோத்துக்கும் இட்லிக்கும் அதுதான். அவர் வீட்டில் சன்ன ரகம், விசேஷத்துக்குப் பாசுமதி. நம் நெல் எங்கே விற்கிறது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 என்று சொல்லி எத்தனை நாள் மூட்டையோடு மழையில் நிற்கிறோம் என்பது அவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடாத சேதி.

தண்ணீரும் அப்படியே. நம் வீட்டில் ஆற்றுத் தண்ணீர், உறைகிணற்றுக் குழாய். அவர் வீட்டில் கேன். பிள்ளைக்குத் திருநெல்வேலி ஆங்கிலப் பள்ளி, உடம்புக்குத் தனியார் ஆஸ்பத்திரி. அரசுப் பள்ளியில் வாத்தியார் இல்லை என்றால் அவர் வீட்டில் யாரும் அழப்போவதில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். 'நம்ம சாதிக்காரர்' என்று ஓட்டுப் போடுகிறோம். கட்சிகளும் சாதி பார்த்தே ஆளை நிறுத்துகின்றன. ஜெயித்த பிறகு பாருங்கள். நம் சாதி எம்.எல்.ஏ. வீடும் அடுத்த சாதி எம்.எல்.ஏ. வீடும் ஒரே மாதிரி: ஒரே கார், ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஆஸ்பத்திரி, கல்யாணத்துக்கு ஒரே மண்டபம். கீழே நாம்தான் வாய்க்கால் முறைக்கு வெட்டிக்கொண்டு சாகிறோம். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிக்காக ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் கொக்கிரகுளம் ஆற்றில் 17 பேர் செத்தார்கள். கூலி கேட்டுச் செத்தார்கள். அன்றைக்கும் 'அது அவங்க பிரச்சினை' என்று திரும்பிக்கொண்ட விவசாயி உண்டு. அந்தத் தண்ணீர்தான் நம் வயலுக்கும் வந்தது.

மூன்றே முக்கால் பைசா

கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பானக் கம்பெனிக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை 2005-லேயே மக்கள் எதிர்த்தார்கள். பின்னால் விலை வெளியே வந்தது: 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசு. லிட்டருக்கு மூன்றே முக்கால் பைசா! அதே ஒரு லிட்டரைப் பாட்டிலில் அடைத்தால் அப்போது 20 ரூபாய். 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது, 2017 மார்ச் 2-ல் வழக்கு தள்ளுபடியானது. உபரித் தண்ணீர்தான் கொடுக்கிறோம் என்றது அரசு. மருதூர்க் கீழக்காலில் பிசானப் பயிர் கருகி நின்ற வருஷங்களில் உபரி எங்கே இருந்தது என்று கேட்டோம். 'மேலிடத்து முடிவு' என்றார்கள்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குப் போன 20 எம்.ஜி.டி. தண்ணீர்க் கதையும் இதுதான். ஆட்சி மாறியது, குழாய் மாறவில்லை. கடைமடைக்காரர் எந்தக் கட்சியில் இருந்தாலும் அதை எதிர்த்தார். ஆலையில் லாரி ஓட்டக் காண்ட்ராக்ட் எடுத்தவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2017 மார்ச் 1-லிருந்து அந்நியக் குளிர்பானம் விற்க மாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பல கடைக்காரர் கைக்காசை இழந்துதான் அதைச் செய்தார். அந்த மாசங்களில் எத்தனை கட்சி மாநாட்டில் எந்தப் பாட்டில் உடைந்தது என்று சமையல் காண்ட்ராக்டரைக் கேளுங்கள்.

2017 ஜூலையில் நடந்தது

அந்த வருஷம் மார்ச்சில் நம் விவசாயிகள் டில்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டோடு உட்கார்ந்தார்கள். 41 நாள். மறுபடி ஜூலையில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே, ஜூலை 19-ல், தமிழகச் சட்டசபையில் எம்.எல்.ஏ. சம்பளம் 55,000-லிருந்து 1,05,000 ஆகும் என்று அறிவிப்பு வந்தது. கூட்டியது மட்டும் மாசம் 50,000. அந்தப் பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டாலுக்கு 1,600. கூட்டிக்கொடுத்த 50,000-ஐச் சம்பாதிக்க நாம் 31 குவிண்டாலுக்கு மேல் போட வேண்டும். ஒரு ஏக்கரில் நல்ல பிசானத்தில் 25 குவிண்டால் தேறினாலே பெரிது. அவருக்கு ஒரு மாசக் கூடுதல், நமக்கு ஏக்கருக்கு மேல் ஒரு போகம், அதுவும் உரம், நடவு, அறுப்பு மிஷின் வாடகை கழிக்காமல்!

2,500 என்ற நெல் விலை 2021 தேர்தல் வாக்குறுதி. வந்தது 2025 செப்டம்பரில். நாலு வருஷம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழையும் நெல்லும் போனபோது நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்றார்கள். ஏக்கருக்கு 6,880 தேறும். உழவுக்கும் நாற்றுக்குமே காணாது. சம்பளத்துக்கு ஒரே நாள், விலைக்கு நாலு வருஷம். இதற்குச் சதி வேண்டியதில்லை அண்ணாச்சி. எது தன் வீட்டு அடுப்பைத் தொடுகிறதோ அது சீக்கிரம் நடக்கிறது.

சங்கமே கட்சியானால் சரியாகுமா என்று கேட்பீர்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுபதுகளில் கொங்கு நாட்டையே எழுப்பிய நாராயணசாமி நாயுடு 1982-ல் கட்சி கண்டார். 1984 டிசம்பரில் தேர்தல் வேலையாக வந்த நம் கோவில்பட்டியில்தான் காலமானார். அவர் இருந்தவரை அவர் பேரைச் சொன்னாலே அதிகாரி எழுந்து நிற்பான். அவருக்குப் பின் சங்கம் பல துண்டாகிப் போனது. ஆகவே அந்த வழியை நாங்கள் இப்போது எடுக்கவில்லை. கட்சிகளை வெளியே நின்று கேள்வி கேட்கிற வேலைதான் எங்கள் வேலை.

என்ன செய்யப் போகிறோம்

எந்தத் தேர்தலானாலும் படிவம் 26 தேர்தல் அலுவலர் ஆபீஸ் பலகையில் ஒட்டப்படும், தேர்தல் கமிஷன் தளத்திலும் கிடைக்கும். சங்கக் கிளைகள் அதைப் பிரதி எடுத்து ஊர் டீக்கடையிலும் ரேஷன் கடை அருகிலும் ஒட்ட வேண்டும். நிலம் எத்தனை, கார் எத்தனை, தொழில் என்ன என்ற இடங்களைச் சிவப்பு மையில் கோடிடுங்கள். பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், பெரியவர்களுக்குக் கண் தெரியாது.

ஓட்டுக் கேட்டு வருகிறவரை மரியாதையாக உட்கார வைத்து, மோர் கொடுத்து, கேளுங்கள். உங்க வீட்டுல குடிக்கிற தண்ணி எங்கருந்து வருது? போன பருவம் எத்தனை மூட்டை எந்த நிலையத்துல போட்டீங்க, சிட்டை இருக்கா? பேரப்பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்? டிப்பர், கிரஷர், காண்ட்ராக்ட் உங்க பேர்லயோ மச்சான் பேர்லயோ உண்டா? கார் சாகுபடிக்குத் தண்ணி திறக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ் முன்னால நாங்க உட்காந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?

பதில் சொல்லுகிறவர் எந்தக் கட்சியானாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தும் வாங்கி அந்தப் படிவத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். 'அப்புறம் வாரேன்' என்று வண்டியேறுகிறவர் பேருக்கு நேரே அந்தச் சொல்லையே எழுதுங்கள். அடுத்த பருவம் அணை திறப்புக்கு மனுக் கொடுக்கப் போகும்போது ரெண்டையும் கிழிக்காமல் எடுத்து வாருங்கள்.